குணமா, நோயா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, செபமாலை முடிந்து கோயில் கதவைச் சாத்தும் வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் மடித்த மருத்துவச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். தம் மகளைப் பல மாதங்களாக நகரத்து மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்று வந்தவர் அவர். சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. தமிழில் சொன்னால், 'எல்லைநிலை ஆளுமைக் கோளாறு'. அதற்குப் பொருள் சொல்ல நாம் தடுமாறியபோது அவர் கேட்டார்: “சாமி, இது நோயா, இல்ல அவ குணமே இதுதானா? நோயின்னா குணமாகும். குணமே இதுன்னா, அப்புறம் எப்படி குணமாகும்?”

இயல்பையும் சுகத்தையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது. 'நல்ல குணம்' என்கிறோம். 'காய்ச்சல் குணமாயிற்று' என்றும் சொல்கிறோம். அந்தத் தாய் சொல்விளையாட்டு எதுவும் நிகழ்த்தவில்லை. ஆயினும் மேலைநாட்டு மருத்துவம் இரு நூற்றாண்டுகளாகத் திணறிவந்த கேள்வியையே அவர் தம் வாயால் கேட்டுவிட்டார். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது நற்பழக்கம், தீப்பழக்கம், மன உந்துதல் என நிரம்பப் படித்தோம். அவற்றுள் எதுவும் அன்று மாலை நமக்குக் கைகொடுக்கவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றின் ஒரு பகுதியே இக்கட்டுரை.

மனிதரை வகைபிரித்துப் பெயரிடும் ஆசை மிகப் பழையது. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ் முகத்துதி செய்பவன், கஞ்சன், வாயாடி என முப்பது வகையினரைச் சிறு சித்திரங்களாகத் தீட்டினார். உடலில் ஓடும் நால்வகை நீர்மங்களே நால்வகை மனப்போக்கைத் தருகின்றன என்ற கிரேக்க மருத்துவக் கொள்கையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவை ஆண்டது. நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது. பிரான்சில் பினெல், அறிவு தெளிவாக இருந்தும் உணர்ச்சியும் செயலும் தடம்புரண்டவர்களைக் கண்டு எழுதினார். இங்கிலாந்தில் பிரிச்சர்டு 1835இல் இத்தகையோருக்கு 'ஒழுக்கப் பித்து' என்று பொருள்படும் ஒரு பெயரைச் சூட்டினார். ஜெர்மனியில் கோஹ் 1891இல் வெளியிடத் தொடங்கிய நூலின் தலைப்பிலேயே 'தாழ்நிலை' என்ற சொல் இடம்பெற்றது. பெயர்கள் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு தீர்ப்பு ஒளிந்திருப்பதை வாசகர் கவனித்திருப்பர்.

இவர்களுள் கூர்ந்த பார்வை உடையவர் குர்த் ஷ்னைடர் என்பது நம் கருத்து. 1923இல் அவர் எழுதிய நூலில் பத்து வகை ஆளுமைகளை விவரித்தார். ஆனால் அதற்கு முன்பே ஓர் எல்லையையும் வகுத்துக்கொண்டார். சராசரியிலிருந்து விலகியிருப்பது எதுவாயினும் அது பிறழ்வான ஆளுமைதான். அந்த அளவில் அறிவாளியும் தூயவரும்கூடச் சராசரியிலிருந்து விலகியவர்களே. அவ்விலகலால் தாமே துன்புறுவோரும், பிறரைத் துன்புறுத்துவோருமே மருத்துவர் கவனிக்க வேண்டியவர்கள். தம்முடைய பத்து வகைகளை நோய்ப்பெயர்போல் கையாளக்கூடாது என்றும் அவர் எச்சரித்தார். பின்வந்தோர் வகைகளை எடுத்துக்கொண்டனர். எச்சரிக்கையை அத்தனை பொருட்படுத்தவில்லை.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் தன் நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. ராபர்ட் ஸ்பிட்சர் என்பவர் தலைமையில் உருவான அப்பதிப்பு, ஆளுமைக் கோளாறுகளைப் பதினொன்றாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் அடையாளக்குறிகளைப் பட்டியலிட்டது. மருத்துவருக்கு மருத்துவர் வேறுபட்ட பெயர்களை எழுதிய குழப்பத்துக்கு முடிவுகட்டுவதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். 1994இல் வந்த நான்காம் பதிப்பின்படி எல்லைநிலைக் கோளாற்றுக்கு ஒன்பது குறிகள். அவற்றுள் ஐந்து இருந்தால் பெயர் உறுதியாகும். கணக்குத் தெரிந்தோர் கூட்டிப் பார்த்தனர்: அந்த ஒரே பெயரைப் பெற 256 வழிகள் உண்டு. மிகைஒழுங்குக் கோளாற்றுக்கு எட்டில் நான்கு போதும். ஆகவே அப்பெயர் பெற்ற இருவருக்கிடையே ஒரு குறிகூடப் பொதுவாக இல்லாதிருக்கலாம். ஐந்து குறி உடையவர் நோயாளி, நான்கு உடையவர் நலமானவர் என்னும் எல்லைக்கோட்டுக்கும் உறுதியான அடிப்படை இல்லை. ஒருவருக்கே இரண்டு மூன்று கோளாறுகளின் பெயர்கள் ஒருங்கே வாய்ப்பதும் வழக்கமாயிற்று.

இது ஏட்டளவிலான குறை எனத் தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் லூயிஸ், ஆப்பில்பி என்ற இரு மருத்துவர்கள் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு நோயாளியைப் பற்றிய சிறு குறிப்பை மனநல மருத்துவர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டனர். சிலருக்குச் சென்ற குறிப்பில் மட்டும், இவருக்கு முன்பு 'ஆளுமைக் கோளாறு' எனக் கணிக்கப்பட்டது என்ற செய்தி சேர்க்கப்பட்டிருந்தது. அச்செய்தியைப் படித்த மருத்துவர்கள் அதே நோயாளியைத் தொல்லை தருபவர், நடிப்பவர், தம் நேரத்துக்கு அத்தனை தகுதியற்றவர் என்றெல்லாம் மதிப்பிட்டனர். மனநல மருத்துவர்கள் விரும்பாத நோயாளிகள் என்று அக்கட்டுரைக்குத் தலைப்பிட்டிருந்தார்கள். நம்மிடம் வந்த தாயும் இதைச் சொல்லியிருந்தார். சீட்டில் அந்த வரி ஏறிய பிறகு, மகள் அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லையாம்.

பெயர்களின் வரலாறு இவ்வாறு சென்றுகொண்டிருக்க, அகராதியிலிருந்து புறப்பட்ட இன்னொரு வரலாறு அதனோடு கலவாமல் தனியே ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் ஒருவரோடொருவர் பழகும்போது எந்த வேறுபாடுகளை முக்கியமெனக் கருதுகிறார்களோ, அவற்றுக்கெல்லாம் காலப்போக்கில் மொழியில் சொல் பிறந்திருக்கும். ஆகவே சொற்களை எண்ணினால் மனித இயல்பின் வரைபடம் கிடைக்கும் என்பது அதன் அடிப்படை. 1884இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் கால்டன் ரோஜேயின் சொற்களஞ்சியத்தைப் புரட்டி, குணத்தைக் குறிக்கும் சொற்கள் ஏறத்தாழ ஆயிரம் எனக் கணக்கிட்டார். 1936இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஓட்பர்ட்டும் வெப்ஸ்டர் பேரகராதியை முதலிலிருந்து இறுதிவரை அலசி 17,953 சொற்களைத் திரட்டினர். நம் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் ஆறாம் தொகுதி நிறைவுற்றதும் அதே 1936இல்தான். அதை இவ்வாறு யாரேனும் அலசினால் என்ன கிடைக்கும் என்ற ஆசை நமக்கு எழாமலில்லை.

ஆல்போர்ட்டும் ஓட்பர்ட்டும் தம் சொற்களை நான்காகப் பிரித்த விதம் நம்மை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. நிலையான பண்பைக் குறிப்பவை 4,504. அவ்வப்போதைய மனநிலையைக் குறிப்பவை 4,541. எதிலும் சேராதவை 3,682. எஞ்சிய 5,226 சொற்கள், ஒருவர் எப்படிப்பட்டவர் என்று கூறாமல், அவரைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதை மட்டுமே கூறுபவை. 'அற்பன்', 'மதிப்புக்குரியவர்' போன்ற தீர்ப்புச் சொற்கள். நான்கு பட்டியல்களுள் மிகப் பெரியது இதுவே! ஆளுமையை ஆராய்வோர் இப்பட்டியலை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. மருத்துவக் கையேட்டின் பெயர்கள் பல, வெள்ளைச் சட்டை அணிந்த தீர்ப்புச் சொற்கள்தாமோ என்ற ஐயம் 1988ஆம் ஆண்டு ஆய்வைப் படித்தபோது நமக்கு எழுந்தது.

இவ்விரண்டு வரலாறுகளும் ஒருமுறை மட்டும், மிக முன்னதாகவே, ஒரே மேசையில் சந்தித்தன. அதில் கத்தோலிக்கக் குரு ஒருவருக்கும் பங்குண்டு என்பதை நம் வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். தாமஸ் வெர்னர் மூர் 1877இல் பிறந்தவர். 1901இல் குருப்பட்டம் பெற்றார். லைப்சிக் நகரில் வுண்ட் என்பாரிடம் உளவியல் பயின்றார். மருத்துவப் பட்டமும் பெற்றார். வாஷிங்டனில் 1916இல் மனநல மருத்துவமனைக் கூடம் ஒன்றை நிறுவினார். பின்னர் பெனடிக்ட் சபையில் சேர்ந்த அவர், மனநோயாளிகளின் அறிகுறிகளுள் எவை எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்பதைக் கணிதமுறையில் ஆராய்ந்து 1933இல் வெளியிட்டார். நோய்ப்பெயர்களை முதலில் எழுதிவிட்டு நோயாளியை அதற்குள் திணிக்காமல், நோயாளிகளிடம் கண்டவற்றை எண்ணி, அந்த எண்களே தொகுதிகளைக் காட்டட்டும் என விட்டவர்களுள் அவர் முன்னோடி.

அதே 1933ஆம் ஆண்டு, அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவரான தர்ஸ்டன் சிகாகோவில் ஆற்றிய உரையில் இரண்டு கணக்குகளை அடுத்தடுத்து வைத்தார். ஒன்று: 1,300 பேர், தங்களுக்குத் தெரிந்த ஒருவரை அறுபது பண்புச் சொற்களால் மதிப்பிட்டிருந்தனர். பொறுமைசாலி எனப்பட்டவரே அமைதியானவர் என்றும் சொல்லப்படுகிறார்; பிடிவாதக்காரர் எனப்பட்டவரே குறைகாண்பவர் என்றும் சொல்லப்படுகிறார். இவ்வாறு சேர்ந்து வரும் சொற்களைக் கட்டுக்கட்டாகக் கட்டினால் ஐந்து கட்டுகள் போதும் என்றார் அவர். மற்றொன்று: மூர் அடிகளார் திரட்டிய நோயாளிகளின் அறிகுறிக் கணக்கு. நலமானவரின் பண்பும் நோயுற்றவரின் அறிகுறியும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்ட அந்த உரை 1934இல் அச்சேறியது. அதன் உட்பொருளை எவரும் உடனே பற்றிக்கொள்ளவில்லை. மூர் அடிகளாரும் 1947இல், எழுபதாம் அகவையில், ஸ்பெயின் நாட்டு மிராஃப்ளோரெஸ் மடத்தில் கார்த்தூசியத் துறவியாகி மௌனத்துக்குள் சென்றுவிட்டார்.

ஐந்து என்ற அந்த எண் பின்னும் ஒருமுறை கிடைத்துத் தொலைந்தது. அமெரிக்க விமானப்படைக்காக டியூப்ஸ், கிறிஸ்டல் என்ற இருவர் 1961இல் எழுதிய அறிக்கையிலும் ஐந்து காரணிகள் வெளிப்பட்டன. படைத்துறை அறிக்கையாதலால் வெளியே படித்தவர் சிலரே. 1968இல் வால்டர் மிஷெல், சூழ்நிலைக்கேற்ப மனிதர் மாறுகிறார்கள், நிலையான பண்பு என்பதே ஐயத்துக்குரியது எனத் தாக்கியபோது இத்துறையே சோர்ந்து கிடந்தது. எண்பதுகளில்தான் கோல்ட்பர்க், கோஸ்டா, மெக்ரே முதலியோர் மீண்டும் அந்த ஐந்தையும் நிலைநாட்டினர்: மனக்கலக்கம், புறமுக நாட்டம், புதுமைக்குத் திறந்த மனம், இணக்கம், பொறுப்புணர்வு. கோஸ்டாவும் மெக்ரேயும் 1992இல் திருத்தி வெளியிட்ட வினாப்படிவத்தில் 240 கூற்றுகள் உண்டு; ஐந்து பெரும்பண்புகளும் ஒவ்வொன்றும் ஆறு உட்கூறுகளாகப் பிரிந்து முப்பதாக அளக்கப்படும்.

இந்த அளவுகோலை ஆளுமைக் கோளாறுகளுக்குப் பொருத்தலாம் என்ற வாதத்தைக் கோஸ்டாவும் விடிகரும் 1994இல் தொகுத்த நூல் விரிவாக முன்வைத்தது. எடுத்துக்காட்டாக, அந்தச் சீட்டில் இருந்த 'எல்லைநிலை' என்ற பெயரை இவ்வாறு பிரித்து எழுதலாம்: பதற்றம், சினம், துயரம், உந்துதலுக்கு இடங்கொடுத்தல், இக்கட்டில் உடைந்துபோதல் ஆகியவை மிக உயர்ந்த அளவில், நம்பிக்கையும் விட்டுக்கொடுத்தலும் தாழ்ந்த அளவில். இவற்றுள் எது நம் யாரிடமும் அறவே இல்லாதது? வேறுபாடு அளவில்தான். இந்த இடத்தில் நாம் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று எழுந்து நடந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இக்கருத்து மருத்துவக் கையேட்டுக்குள் நுழைந்த கதை எளிதானதல்ல. ஐந்தாம் பதிப்புக்காக அமைந்த குழு, வகைகளைக் குறைத்துப் பண்புகளை அளக்கும் திட்டம் ஒன்றை வகுத்தது. குரூகர் முதலியோர் 2012இல் 220 கூற்றுகள் கொண்ட வினாப்படிவத்தை வெளியிட்டனர். எதிர்மறை உணர்வு, விலகியிருத்தல், பகைமைப்போக்கு, கட்டுப்பாடின்மை, உளப்பிறழ்வுச் சாயல் என ஐந்து புலங்களும் அவற்றுள் அடங்கிய 25 கூறுகளும் அதில் அளக்கப்படுகின்றன. மருத்துவருக்கு இது மிகச் சிக்கலானது என்றனர் சிலர். வகைகளை முழுதும் கைவிடாததால் அறிவியலுக்கும் பொருந்தாது என்றனர் வேறு சிலர். குழுவின் உறுப்பினர் இருவர் 2012இல் பதவி விலகினர். அவ்வாண்டு டிசம்பரில் கழகத்தின் ஆட்சிக்குழு புதிய திட்டத்தை ஏற்க மறுத்தது. ஆகவே 2013இல் வெளிவந்த நூலின் முற்பகுதியில் பழைய பத்து வகைகளும், பிற்பகுதியில் மேலும் ஆராயத்தக்க மாற்றாகப் புதிய திட்டமும் அச்சாயின. ஒரே நூலில் இரு விடைகள்!

உலக நலவாழ்வு நிறுவனம் இன்னும் துணிவாக நடந்தது. 2019இல் ஏற்கப்பட்டு, 2022 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப்பட்டியலின் பதினொன்றாம் பதிப்பு, பழைய வகைப்பெயர்களை நீக்கிவிட்டது. இப்போது முதல் கேள்வி, வாழ்வும் உறவும் எந்த அளவுக்குக் குலைந்துள்ளன என்பதே: இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது. அதன் பின்னரே எந்தப் பண்புகள் மேலோங்கியுள்ளன என்று குறிக்கலாம். ஆயினும் 'எல்லைநிலை' என்ற பெயரை மட்டும் ஒரு சேர்க்கைக் குறிப்பாக விட்டுவைத்தார்கள். அப்பெயர் இல்லாவிடில் அதற்கென அமைந்த சிகிச்சை கிடைக்காமல் போகும் என்ற அச்சமே காரணம். பெயர் காயப்படுத்தவும் செய்கிறது, கதவையும் திறக்கிறது.

அளவுகோலையும் நாம் கண்மூடி நம்புவதற்கில்லை. படிவத்தை நிரப்புபவர் தம்மை நல்லவராகக் காட்டலாம். தம்மையே வெறுப்பவர் தம்மைத் தீயவராகவும் காட்டலாம். ஆதலால் நெருங்கிப் பழகியவர் நிரப்புவதற்கெனத் தனிப் படிவமும் உண்டு. கேள்விகள் யாருக்காக எழுதப்பட்டன என்பதும் கவனிக்கத்தக்கது. பொலிவியக் காடுகளில் வாழும் திசிமானே மக்களிடம் நடத்திய ஆய்வில் அந்த ஐந்து பண்புகளும் அவ்வாறே வெளிப்படவில்லை என 2013இல் அறிவித்தனர். நம் குருமடங்களுக்கும் இதில் படிப்பினை உண்டு. பொதுமக்களுக்கென அமைந்த மின்னசோட்டா வினாப்படிவத்தைக் குருமாணவர்களிடம் பயன்படுத்தியபோது அது சரிவரப் பொருந்தாததை இயேசு சபைக் குரு வில்லியம் பியர் 1948இலேயே ஆராய்ந்தார். உளவியல் மதிப்பீட்டுக்குக் குருமாணவரின் மனமுவந்த இசைவு வேண்டும் என்று 2008இல் உரோமை வகுத்த நெறிமுறையும் கூறுகிறது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். குணமானால் குணமாகுமா? மேரி சனரினி என்பவரும் குழுவினரும் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் சேர்ந்திருந்த எல்லைநிலை நோயாளிகள் 290 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். 2010இல் அவர்கள் வெளியிட்ட பத்தாண்டுக் கணக்கின்படி, 93 விழுக்காட்டினர் குறைந்தது இரண்டு ஆண்டுகளேனும் நோய்க்குறிகள் தணிந்து வாழ்ந்திருந்தனர். நட்பும் வேலையும் உட்பட முழு வாழ்வுக்குத் திரும்பியவர்கள் பாதிப்பேர். பாதிதானே என்பார் உண்டு. மாறவே மாறாது எனக் கருதப்பட்டவர்களுள் பாதி.

மார்ஷா லைனஹன் என்ற உளவியலறிஞர் இத்தகையோருக்கென ஒரு சிகிச்சை முறையை வகுத்து, 1991இல் அதன் முதல் சோதனை முடிவுகளை வெளியிட்டார். கொந்தளிக்கும் உணர்ச்சியை அடையாளங்காணவும், தாங்கவும், தணிக்கவும் படிப்படியாகப் பயிற்றுவிக்கும் முறை அது. அவர் கத்தோலிக்கர். இருபது ஆண்டுகள் கழித்து, 2011இல், அவர் வெளிப்படையாக ஒன்றைச் சொன்னார்: பதினேழாம் வயதில் தாமே ஒரு மனநல விடுதியில் அடைக்கப்பட்டிருந்ததாகவும், தம்மைத்தாமே காயப்படுத்திக்கொண்டதாகவும். அன்று அவருக்கு எழுதப்பட்ட நோய்ப்பெயர் வேறு.

நம் பங்குப் பெண் இப்போது வேறொரு மருத்துவரிடம் செல்கிறாள். வேலைக்கும் போகிறாள், சில வாரங்கள் நன்றாக, சில வாரங்கள் கடினமாக. புதிய மருத்துவர் ஒரு நீண்ட வினாப்படிவத்தை அவளிடமும், வீட்டார் நிரப்ப வேண்டியதைத் தாயிடமும் கொடுத்தாராம். தாய்க்கு ஆங்கிலம் தெரியாததால் அங்கிருந்த ஆலோசகர் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லிக் குறித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பின் அதைப் பற்றிச் சொல்லும்போது அந்தத் தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “பாதிக் கேள்விக்கு மேல என்னால முடியல சாமி. இதெல்லாம் எனக்கும் உண்டேம்மா, எனக்கும் ஒரு தாள் போட்டு எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டேன்.”